மகுடத்துக்கு ஜோடி

நாலு பேர் ஒரே கூரைக்குக் கீழே நாற்பது நாள் இருந்து, ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் இருக்க முடியுமா? சொல்லுங்கள் பார்ப்போம்.

முடியும். மலைமேல் ஒரு சின்ன அணைக்கட்டில் அப்படித்தான் இருந்தார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. மழை பிடித்தால் பாதை மூடிவிடும், அவ்வளவுதான். பதினாலு கொண்டை ஊசி வளைவு. அதில் நாலு இடத்தில் மண் சரியும். கீழே இருப்பவர்கள் மேலே வர முடியாது, மேலே இருப்பவர்கள் கீழே போக முடியாது. போனில் சிக்னலும் கிடையாது. முதல் வாரம் பேசுவார்கள். இரண்டாவது வாரம் பேசினதையே பேசுவார்கள். மூன்றாவது வாரம் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சமையல்காரர் சவரிமுத்து சோறு வடித்து அடுப்படியில் வைத்துவிடுவார். பசித்தவர் வந்து போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுவார்.

மதகு திறந்து மூடுகிற மாசிலாமணி, போன மழை முடிந்து கீழே இறங்கி, டீக்கடையில் "ஒரு டீ" என்று கேட்டார். கேட்டுவிட்டு, யார் பேசினது என்று திரும்பிப் பார்த்தார். அவர் குரல்தான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் அதைக் கவனித்தாள்.

"அண்ணாச்சிக்கு ஞாயித்துக்கிழமை வேலை உண்டுமா?" என்று கேட்டாள்.

"இல்லையேம்மா."

"அப்போ இங்கன வாங்க. ஒரு விளையாட்டு இருக்கு."

அவளுக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று. வனத்துறை செக்போஸ்ட்டை ஒட்டி ஒற்றை அறை வீடு, அதன் முன்னால் கடை. தனியாகத்தான் இருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெங்களூரில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த பெண்களிடம் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். ஒருத்தர் வாள்வீரன், ஒருத்தர் வைத்தியர், ஒருத்தர் திருடன். பூதம் வரும், பேசுகிற மரம் வரும். பூட்டை உடைக்கணுமா, ஆற்றைத் தாண்டணுமா, டைஸை உருட்டிப் பார்க்கணும். அந்த டைஸுக்கு ஆறு முகம் இல்லை, இருபது முகம். பெரிய எண் விழுந்தால் ஜெயம், சின்ன எண் விழுந்தால் தோல்வி. எல்லாரும் சேர்ந்து ஏதோ ஒரு பொருளைத் தேடிப் போவார்கள். மாதக் கணக்கில் போவார்கள். லாரி டிரைவர்களும் காவலர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கதை சொல்கிறவர் டைஸைத் தொடக் கூடாது. அவள் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

மாசிலாமணி ஆறு மாதம் இறங்கி ஏறினார். ஆட்டம் பிடிபட்டதும் அவள் ஒரு மிட்டாய் டப்பாவை நீட்டி, நாலு டைஸை அவரையே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"மேல கொண்டு போங்க. மழை வரதுக்கு முன்னால ஆரம்பிச்சிருங்க."

"சரி டீச்சர்."

"நான் டீச்சர் இல்லை அண்ணாச்சி, டீக்கடைக்காரி."

அன்றிலிருந்து அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

*

மேலே ஆட்டம் சரியாக வரவில்லை.

மாசிலாமணி பதினைந்து நாள் யோசித்து ஒரு மகுடத்தை உண்டாக்கியிருந்தார். ஏழு வைரம் பதித்தது. ஏழு மலைக்கு அப்பால், ஏழு பூதம் காவல் காக்கிற குகையில் இருப்பது. ராஜா அதைத் தொலைத்துவிட்டார். அது கிடைக்காவிட்டால் உலகமே அழிந்துபோகும்.

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சமையலும் காவலும் பார்க்கிற சவரிமுத்து. எலக்ட்ரீஷியன் ஆவுடையப்பன். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த சின்ன வயது இன்ஜினியர் நிசார்.

மூன்றாவது ஞாயிறே மகுடத்தை எடுத்துவிட்டார்கள். பூதம் தூங்கும்போது ஆவுடையப்பன் இருபது போட்டுவிட்டான். எடுத்ததை ராஜாவிடம் கொண்டுபோகவில்லை. வழியில் ஒரு சந்தையில் கொடுத்துவிட்டு எருமைமாடு வாங்கிக்கொண்டார்கள்.

"மகுடத்தைக் கொடுத்து எருமையா?" என்றார் மாசிலாமணி.

"பால் கறக்கும்லா?" என்றார் சவரிமுத்து.

"உலகம் அழிஞ்சிரும் வே!"

"அழியட்டும் அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன். "டீயைப் போடுங்க."

நிசார் சிரித்தார். ஆனால் கொட்டாவியும் விட்டார். அதுதான் மாசிலாமணிக்கு வலித்தது. ஆவுடையப்பன் எழுந்து கையை உதறிக்கொண்டு சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க. அடுத்த ஞாயிறு ஒரு தடவை பார்ப்போம். சரிப்படலைன்னா டப்பாவை மூடி வச்சிருவோம். சும்மா உட்கார்ந்து என்னத்துக்கு?"

மூன்று கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. மேற்கே மேகம் இறங்கி நின்றது. மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கலாம்.

*

மறுநாள் காலையில் கீழே இறங்கினார். நேராகப் பார்த்தால் அணைக்கட்டும் டீக்கடையும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. மேலே நின்று பார்த்தால் கடையின் தகரக் கூரை தெரியும். பாதைதான் சுற்றிச் சுற்றி ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிடும்.

கடையில் வேறு ஆள் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இசக்கியம்மாள் எருமைக் கதையைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க டீச்சர். தேடிப் போற பொருளை எப்படி உண்டாக்கணும்? அதைச் சொல்லுங்க."

"மகுடத்தை யார் தொலைச்சா?"

"ராஜா."

"ராஜா யாரு?"

"நான் உண்டாக்கின ராஜாதான்."

"அவர் தொலைச்சதுக்கு ஆவுடையப்பன் ஏன் நடக்கணும்?"

"வைரம் பத்தலையோ? இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

அவள் கிளாஸ்களை அள்ளிக்கொண்டு பின்பக்கம் கழுவப் போனாள். வெகு நேரம் கழுவினாள். மாசிலாமணி காத்துக் காத்துப் பார்த்து, இன்றைக்கு அவ்வளவுதான் என்று எழுந்தார்.

வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. இடது கால் செருப்பு. வலதைக் காணோம்.

பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். இல்லை. விறகுக் கட்டை நகர்த்திப் பார்த்தார். சாக்கடை ஓரம் போய் ஒரு குச்சியால் கிளறினார். நாய் படுத்திருந்த இடத்துக்குப் போய் நாயை எழுப்பினார். அது அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுத்தது.

"என்ன தேடுதீங்க?" என்றாள் இசக்கியம்மாள் பின்பக்கமிருந்து.

"செருப்பும்மா. ஒண்ணைக் காணோம்."

"அது பிய்ஞ்சு போனதுதானே. ரெண்டு தையல் போட்டிருந்துச்சே."

"இருந்தாலும்..."

"உள்ள புதுச் செருப்பு ஒரு ஜோடி இருக்கு. எங்க அண்ணனுக்கு வாங்கினது, அவனுக்குச் சேரலை. உங்களுக்குச் சரியா இருக்கும். போட்டுட்டுப் போங்க."

"வேண்டாம்மா."

"சும்மாதான் தாரேன்."

"அதுக்கில்லை. இந்த ஒத்தையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

மறுபடியும் தேடினார். சீனி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். பின்சுவரில் ஓரம் தேய்ந்த பழைய தோசைக்கல் ஒன்று ஆணியில் தொங்கியது. அதற்குப் பின்னால் யார் செருப்பை வைப்பார்கள்? ஆனாலும் தள்ளிப் பார்த்தார். அது சுவரில் மோதிக் கணீரென்று அடித்தது.

பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும். புது பொம்மையைக் கையில் கொடுத்தாலும் தூக்கி எறிந்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போன பழைய டப்பா மூடிக்குத்தான் அழும். டப்பா கையில் இருக்கிறதல்லவா.

இசக்கியம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த துண்டை அவிழ்த்தாள். உள்ளே வலது கால் செருப்பு.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன டீச்சர் இது, சின்னப் பிள்ளை மாதிரி! சாக்கடையை எல்லாம் கிளற விட்டுட்டீங்க."

"நான் கிளறச் சொல்லலையே."



அவள் செருப்பைக் குனிந்து அவர் காலடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அண்ணாச்சி, உங்க மகுடத்துக்கு ஜோடி யார் கால்ல இருக்கு?"

*

அந்த வாரம் முழுக்க மாசிலாமணி மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நிசார் வந்து இரண்டு வருஷம்; மற்ற இருவரும் பத்து வருஷத்துக்கு மேல் கூட இருந்தவர்கள். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் அவர்களுடைய முதுகும் கதவும்தான்.

கேட்டும் பார்த்தார்.

"சவரிமுத்து, உமக்கு எதாவது தொலைஞ்சிருக்கா வே?"

"பொறுமை தொலைஞ்சிருக்கு. வழியை விடும், சோறு பொங்குது."

ஆவுடையப்பனைக் கேட்டார். "டெஸ்டர் ஒண்ணு காணோம். நீங்க எடுத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டான். நிசாரைக் கேட்டபோது, "உடம்பு சரியில்லையா அண்ணாச்சி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணி. அணைக்கட்டின் மேல் மதகருகே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தினமும் ஆறு மணிக்குச் சவரிமுத்து அதில் மூன்று அடி அடிப்பார். மூன்றாவது அடியைக் கொஞ்சம் இழுத்து அடிப்பார். பழைய வழக்கம். அந்தக் காலத்தில் பள்ளத்தில் கீழ் மதகு வீடு என்று ஒன்று இருந்தது. அதில் தாவீது என்று ஒருவர் இருந்தார். மேலே மூன்று அடித்தால், கீழேயிருந்து அவர் மூன்று அடிப்பார். இங்கே சரி, அங்கே எப்படி? அங்கேயும் சரி. அவ்வளவுதான் அதற்குப் பொருள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கீழ் மதகுக்கு மோட்டார் வந்தது. தாவீது ஊரை விட்டுப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மேலே மட்டும் அடிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சவரிமுத்துவும் நிறுத்தவில்லை.

அன்றைக்கும் அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

மாசிலாமணி அப்போதுதான் பார்த்தார்.

சுத்தியலைக் கையில் வைத்தபடி சவரிமுத்து நகராமல் நின்றார். ஸ்விட்சுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த ஆவுடையப்பனின் கை பாதியில் நின்றது. துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நிசார், பிழிந்த சட்டையைப் பிடித்தபடி பள்ளத்தின் பக்கம் தலையைச் சாய்த்தார். நிசார் அந்தப் பதிலைக் கேட்டதேயில்லை. மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து நிற்கப் பழகியிருந்தார்.

ஒரு மூச்சு நேரம். பிறகு சவரிமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார். பெட்டி திறந்தது. சட்டை கொடியில் ஏறியது.

மாசிலாமணி மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம். டப்பாவைத் திறந்து டைஸைப் பாயில் கவிழ்த்தார்.

"மகுடம் வேண்டாம்" என்றார்.

"தப்பிச்சோம்" என்றான் ஆவுடையப்பன்.

"நீங்க மூணு பேரும் எருமையை ஓட்டிக்கிட்டு ஒரு மலை ஊருக்கு வந்து சேருதீங்க. அங்கன ஒரு கோபுரம். சாயங்காலம் ஆனா அந்தக் கோபுரத்துல மணி அடிப்பாங்க. மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோபுரம் உண்டும். அங்கேயிருந்து பதில் மணி வரும். முந்நூறு வருஷமா வந்துக்கிட்டு இருந்துச்சு."



"எத்தனை அடி?" என்றார் சவரிமுத்து.

"மூணு."

சவரிமுத்து பாயையே பார்த்தார்.

"இப்போ?"

"இப்போ வாரதில்லை. இவங்க அடிக்கிறதை நிறுத்தலை."

ஆவுடையப்பன் ஒரு டைஸை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டான். உருட்டவில்லை.

"அந்தப் பக்கம் இருந்தது யாரு?" என்றான்.

"ஊர்ல யாரும் பார்த்தது இல்லை."

"நான் அந்தப் பதிலைக் கேட்டதே இல்லை" என்றார் நிசார். கதைக்குள்ளே சொன்னாரா, வெளியே சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

"செத்துப் போயிருந்தா?" என்றார் சவரிமுத்து.

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்" என்றார் மாசிலாமணி.

"அப்போ ஏன் வே உட்கார்ந்திருக்கோம்? கிளம்புங்க. நிசார் சார், எருமையை அவிழ்த்து விடுங்க" என்றார் சவரிமுத்து.

கிளம்பினார்கள். முதல் பாலத்திலேயே நிசார் இரண்டு போட்டு ஆற்றில் விழுந்தார். அவரைத் தூக்கப் போன ஆவுடையப்பனும் விழுந்தான். எருமை மட்டும் பத்திரமாகக் கரையேறியது. "நான் அன்னைக்கே சொல்லலை?" என்று சவரிமுத்து அடித்த சிரிப்பில் பாய் சுருண்டது. ஒரு பூதம் வந்தது. வைரம் தருகிறேன், திரும்பிப் போங்கள் என்றது. "வைரத்தை நீயே வச்சுக்கோ, வழியை விடு" என்றான் ஆவுடையப்பன்.

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. டீ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குச் சவரிமுத்து எழுந்து ஓடினார். மற்ற மூன்று பேரும் கூடவே போனார்கள். அவர் அடித்தார். நாலு பேரும் மழையில் நின்று கேட்டார்கள்.

பிறகு திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அன்று யாரும் கதவைச் சாத்தவில்லை.

*

புதன்கிழமை மாசிலாமணி கடைசியாக ஒரு முறை இறங்கினார். மூன்றாவது வளைவில் ஏற்கெனவே மண் விழுந்திருந்தது. நாளைக்கோ மறுநாளோ பாதை மூடிவிடும். ஒரு மூட்டை அரிசி, தீப்பெட்டி, வெல்லம், எல்லாம் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கையோடு உள்ளே எடுத்து வந்தார்.

"என் மேல நம்பிக்கை போயிருச்சா?" என்றாள் இசக்கியம்மாள்.

"கிடைச்சிருச்சு டீச்சர். ஜோடி கிடைச்சிருச்சு."

பெஞ்சுகள் காலியாக இருந்தன. மழைக் காலத்தில் லாரியும் வராது, ஆளும் வராது. அவள் கிளாஸ்களைக் கவிழ்த்து ஒரு துணியால் மூடி வைத்திருந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தண்டவாளம், தாவீது, பாதியில் நின்ற கை, பிழிந்த சட்டை.

அவள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"மூணு அடியா?"

"ஆமா."

"மூணாவது அடி கொஞ்சம் இழுத்து வருமோ?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"காத்து இந்தப் பக்கம் அடிக்கும்போது கேக்கும்" என்றாள். "இங்கன கடை போட்ட ரெண்டு வருஷமா அது என்ன சத்தம்னு தெரியாம இருந்தேன். ஆறு மணி ஆனா வாசல்ல வந்து நிப்பேன்."

மாசிலாமணி டீயைக் குடித்து முடித்தார். பிறகு, சந்தோஷமான விஷயத்தைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் பதில் அடிச்சது யாருன்னு நான் முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன், கேளுங்க..."

"சொல்லாதீங்க."

"நீங்க டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?"

"வேண்டாம் அண்ணாச்சி. பெங்களூர்ல இருந்து இன்னைக்கு வரை எட்டு வருஷமா நான் சொன்ன கதை எல்லாத்துக்கும் முடிவு எனக்குத் தெரியும்."

அலமாரியிலிருந்து தன் டைஸ் டப்பாவை எடுத்தாள். ஒரு டைஸை விரலால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் டைஸைத் தொட்டதை மாசிலாமணி அன்றுதான் பார்த்தார்.

"இதை உங்க டப்பாவுல போட்டுக்கோங்க. எனக்கும் ஒரு ஆள் வையுங்க."

"வைக்கேன் டீச்சர். ஆனா நாளைக்குப் பாதை மூடிருமே. நாற்பது நாள் ஆகும். நீங்க இங்கன இருந்து எப்படி விளையாடுவீங்க?"

இசக்கியம்மாள் பின்சுவரைப் பார்த்தாள். தோசைக்கல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சவரிமுத்து அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள். "நாளையில இருந்து மூணு அடியையும் கொஞ்சம் ஓங்கி அடிக்கச் சொல்லுங்க. அடிச்சுட்டு உடனே போயிராம, நின்னு கேக்கச் சொல்லுங்க."